தலையை வாங்கி வந்த விடங்கன்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் யாராவது சண்டைக்கு வருவார்கள் என்பதால் நாம் பெயர் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டில், ஒரு ராஜா இருந்தார். நல்ல மனுஷர்தான். கோபம் மட்டும் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். ஒருநாள் காலையில் அவருக்கு ஓர் ஆசை வந்தது. "இன்று முதல் நான் சொல்வதைச் சொன்னபடியே செய்ய வேண்டும். ஒரு சொல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அர்த்தம் கண்டுபிடிக்கிற வேலை யாருக்கும் வேண்டாம்" என்று உத்தரவு போட்டுவிட்டார். சபையில் இருந்தவர்கள் எல்லோரும் "ஆகா!" என்றார்கள். ராஜாவுக்கு வந்த ஆசைக்கு வேறு என்ன சொல்ல முடியும்?

அந்தச் சபையின் விகடகவி விடங்கன் அன்று ஊரில் இல்லை. மகளுக்குக் காது குத்த மாமனார் வீட்டுக்குப் போயிருந்தான். அவன் இல்லாத நேரம் பார்த்துத்தான் வினையெல்லாம் வந்து சேர்ந்தது.

கடலுக்கு அப்பால் இருந்த மர்சான் நாட்டிலிருந்து ஒர்மோ என்ற தூதர் சில நாட்களுக்கு முன் வந்திருந்தார். முத்து வியாபாரிகளோடு கப்பலில் வரும்போதே தமிழ் கற்றுக்கொண்டவர். துறைமுகத்தில் அவரை எதிர்கொண்டு அழைத்துவந்து, வாழை இலையில் சாப்பிடச் சொல்லிக்கொடுத்தவன் விடங்கன். ரசம் ஓடுகிற பக்கமெல்லாம் சோற்றால் அணை கட்டி அவர் பட்ட பாட்டைப் பார்த்துச் சிரித்தான். அவரும் தன்னைப் பார்த்தே சிரித்தார். அன்றிலிருந்து இருவருக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

தளபதி கச்சிராயருக்கு இது பொறுக்கவில்லை. ஏற்கெனவே ராஜாவிடம் விகடகவிக்குச் செல்வாக்கு. இப்போது அயல்நாட்டுத் தூதரும் அவன் கட்சி! விடங்கன் ஊரில் இல்லாத அன்றுதான் ஒர்மோ முதன்முதலாகச் சபைக்கு வந்தார். கச்சிராயர் வாசலிலேயே அவரைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கள் ராஜா சொல்வதைச் சொன்னபடி செய்துவிடும். இல்லாவிட்டால் அவமரியாதை ஆகிவிடும்" என்று காதில் ஓதினார்.

சபை நன்றாகவே நடந்தது. முடிவில் ராஜா எழுந்து, முகம் மலர, "நல்லது, போய் வாருங்கள்" என்றார். ஒர்மோ வணங்கினார். வாசல் வரை போனார். திரும்பி வந்தார்.

ராஜா விழித்தார். எதையாவது மறந்து வைத்துவிட்டாராக்கும் என்று நினைத்துக்கொண்டு, மறுபடியும் "போய் வாருங்கள்" என்றார். ஒர்மோ போனார், வந்தார். மூன்றாம் தடவை ராஜா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அப்போதும் போனார், வந்தார். சபையில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். ராஜாவின் முகம் சிவந்தது. வேர்க்க விறுவிறுக்க நின்றிருந்த தூதருக்கும் முகம் சிவந்தது. இத்தனை பேர் நடுவில் தன்னை ஏன் இப்படி நடக்கவைத்து வேடிக்கை பார்க்கிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் மரியாதை தெரிந்தவர். மார்பில் கை வைத்து, "அரசே, நமக்குள் ஒன்றும் இல்லை" என்று சொல்லித் தலை குனிந்தார்.

"கேட்டீர்களா?" என்று குதித்தார் கச்சிராயர். "நம்மோடு உறவே இல்லை என்கிறான்! இது போர் முழக்கம் அல்லாமல் வேறென்ன?"

அன்றே ஒர்மோவைக் காவலில் வைத்துவிட்டார்கள்.

மறுநாள் விடங்கன் சர்க்கரைப் பொங்கல் வாசனையோடு சபைக்குள் நுழைந்தபோது, ஒருவர்கூட அவன் முகத்தைப் பார்க்கவில்லை. நடந்ததை அரையும் குறையுமாகக் கேட்டறிந்தான். அவன் வாய் திறப்பதற்குள் கச்சிராயர் முந்திக்கொண்டார்.

"மகாராஜா, தூதன் விகடகவிக்குத்தானே உயிர்த் தோழன்? அவனையே அனுப்பிக் காரியத்தை முடிக்கச் சொல்லுங்கள். அவன் விசுவாசமும் தெரிந்துவிடும்."

"சரியான யோசனை" என்றார் ராஜா. "விடங்கா! பொழுது சாய்வதற்குள் அந்தத் தூதனின் தலையை வாங்கி வா. வராவிட்டால் உன் தலை தப்பாது. அவனுக்காகப் பரிந்து ஒரு சொல் பேசாதே!"

விடங்கனுக்கு ரசத்துக்கு அணை கட்டிய அந்தக் கைகள் நினைவுக்கு வந்தன. ஓர் அடி முன்னால் வந்தான்.

"சொன்னபடியே செய்யட்டுமா, மகாராஜா?"

"சொன்னபடியே!"

"கூட்டாமல், குறைக்காமல்?"

"போய்த் தொலை!"

"உத்தரவு. முதலில் தொலைய வேண்டுமா, வாங்க வேண்டுமா?"

"வாங்கு!" என்று ராஜா அலறினார்.

காவல் வீட்டில் ஒர்மோ தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விடங்கன் அவர் எதிரில் சப்பணம் போட்டு உட்கார்ந்தான்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. உங்க தலையை விலைக்குக் குடுப்பீங்களா?"

"தலையையா?"

"வாங்கிட்டு வரச் சொல்லி ராஜா உத்தரவு. வெட்டிட்டு வான்னு சொல்லல. அதனால விலை கேக்க வந்தேன். ஆமா, நேத்து எதுக்குப் போறதும் வர்றதுமா இருந்தீங்க?"

ஒர்மோ எல்லாவற்றையும் சொன்னார். கச்சிராயர் வாசலில் சொன்ன புத்தியையும் சேர்த்துத்தான். விடங்கன் தலையில் அடித்துக்கொண்டான், பிறகு சிரித்தான், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"நீ போய் உன் அரசரிடம் விளக்கிவிடேன்" என்றார் ஒர்மோ.

"பரிஞ்சு பேசக் கூடாதுன்னு உத்தரவாச்சே. மீறிப் பேசினாலும் விகடகவி ஏதோ வேடிக்கை சொல்றான்னு சிரிச்சிட்டு விட்டுடுவாங்க. உங்க மனசை நீங்கதான் சொல்லணும். விலையைச் சொல்லுங்க."

ஒர்மோ நிமிர்ந்து உட்கார்ந்தார். "தலை போன பிறகு எனக்குப் பொன் எதற்கு? உன் அரசர் என் எதிரில் சரிசமமாக உட்கார வேண்டும். அவர் கேட்பதற்கு நானும், நான் கேட்பதற்கு அவரும் பதில் சொல்ல வேண்டும். இரண்டு பேர் மனமும் ஆறும்வரை பேச வேண்டும். அதுதான் விலை."

"ரொம்ப அதிகம்" என்றான் விடங்கன். "ஆனா குடுத்துடலாம்."

பொழுது சாய்வதற்குள் அவன் ஒர்மோவின் கையைப் பிடித்துச் சபைக்கு அழைத்து வந்தான். "வாங்கி வந்துவிட்டேன், மகாராஜா! தலையைத் தனியாகப் பிரித்துக் கொடுக்கமாட்டேன், உடம்போடு சேர்த்துத்தான் விற்பேன் என்கிறார். விலை மட்டும் தாங்கள் கொடுக்க வேண்டியிருக்கிறது" என்று சொல்லி விலையையும் சொன்னான்.

"மடையா!" என்று கத்தினார் கச்சிராயர். "தலையை வாங்கி வா என்றால் வெட்டி வா என்று அர்த்தம். இதுகூடவா தெரியாது?"

விடங்கன் பணிவாகக் கைகட்டினான். "சொல் ஒன்று, அர்த்தம் வேறு என்கிறார் தளபதி. அப்படியானால் 'போய் வாருங்கள்' என்பதற்கும் வேறு அர்த்தம் உண்டு என்று தூதரிடம் ஏன் சொல்லவில்லை? சொன்னபடி செய்யும் என்று வாசலில் எதற்காகச் சொல்லி அனுப்பினார்?"

ராஜா கச்சிராயரைப் பார்த்தார், தூதரைப் பார்த்தார். பிறகு அரியணையிலிருந்து இறங்கிவந்து, விரிப்பில் ஒர்மோவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"அதற்காகவா திரும்பித் திரும்பி வந்தீர்கள்?"

"தாங்கள் சொன்னீர்களே, அரசே!"

"ஐயோ! எங்கள் ஊரில் 'போ' என்று மட்டும் சொல்லமாட்டோம். அப்படிச் சொன்னால் இனி முகத்தில் விழிக்காதே என்று ஆகிவிடும். மறுபடியும் பார்க்க வேண்டும் என்கிற ஆசையில்தான் 'போய் வா' என்போம்."

ஒர்மோவின் கண் கலங்கியது. "அப்படியானால் மூன்று முறையும் என்னை மறுபடி பார்க்க வேண்டும் என்றா சொன்னீர்கள்?"

"மூன்றாவது முறை கொஞ்சம் குறைவாக" என்று ராஜா ஒப்புக்கொண்டார். "நீங்கள் மட்டும் நமக்குள் ஒன்றும் இல்லை என்று சொல்லலாமா?"

"அரசே, நாங்கள் கடலில் போகிறவர்கள். போனவன் திரும்புவான் என்று நிச்சயமில்லை. அதனால் பிரியும்போது, 'உன்மேல் எனக்கு மனக்குறை ஒன்றும் இல்லை, உனக்கும் வேண்டாம்' என்று சொல்லிவிட்டுத்தான் போவோம். தாங்கள் என்னை அலைய வைத்தபோதும் அதைத்தான் சொன்னேன்."

ராஜா அவர் கைகளைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு பேசத் தொடங்கியவர்கள் எழுந்திருக்கவே இல்லை. மர்சானில் மருமகன் எப்படி, இங்கே மாமியார் எப்படி என்று பேச்சு எங்கெங்கோ போனது. விளக்கு ஏற்ற வந்தவர்கள் இருவரையும் சுற்றிக்கொண்டு போனார்கள்.

கடைசியில் ராஜா எழுந்தார். "விலை கொடுத்தாயிற்று. இந்தத் தலை இனி என்னுடையது. இதற்கு வெயில் படக் கூடாது. கச்சிராயரே, தூதர் ஊரில் இருக்கும்வரை நீர்தான் குடை பிடிக்க வேண்டும். சொன்னபடியே!"

கச்சிராயர் குடையைத் தேடிப் போனார். ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் கேட்டார்: "அது சரி விடங்கா, விலை கைக்கு வராமல் தூதர் சரக்கை எப்படி அனுப்பினார்? அச்சாரமாக என்ன கொடுத்தாய்?"

விடங்கன் காலால் தரையைக் கீறினான். ஒர்மோதான் சொன்னார். "தன் தலையைக் கொடுத்தான், அரசே. தாங்கள் பேச மறுத்தால் என்னைத் தப்பவிட்டுவிட்டு, அவன் தலையைத் தங்களிடம் கொடுப்பதாகப் பேச்சு."

ராஜாவின் முகத்தில் சிரிப்பு இல்லை. மெல்ல விடங்கனிடம் வந்தார். முத்துச்சரம் தொங்கும் தம் தலைப்பாகையைக் கழற்றி, அவன் தலையில் தம் கையாலேயே வைத்தார். ராஜாவின் தலை பெரியது. தலைப்பாகை சரசரவென்று இறங்கி விடங்கனின் மூக்கில் வந்து நின்றது. சபை கொல்லென்று சிரித்தது. ராஜாவும் சிரித்தார், கண்ணில் நீர் வரும் அளவுக்கு.

"எப்படி இருக்கிறது, விடங்கா?"

"ஒன்றும் தெரியவில்லை, மகாராஜா" என்றான் தலைப்பாகைக்குள்ளிருந்து. "ஆனால் தலை இருப்பது தெரிகிறது."