கரடியும் குரங்கும் இரண்டு பேட்டரிகளும்

காட்டோரக் குளம் வற்றிக்கொண்டிருந்தது. மிச்சமிருந்த சேற்றுக் குட்டையில் ஒரு தாய் விரால் தன் குஞ்சுகளோடு தவித்தது.

கரையில் கிணற்றுத் தண்ணீரைக் குளத்துக்கு இறைக்கும் ஒரு பம்பு உண்டு. அதை ஓட்டிய சூரியத் தகட்டைப் புயல் கொண்டுபோய்விட்டது. விரால் அழுததைக் கேட்டு, காவல் கொட்டகையிலிருந்து கரடி ஒரு பேட்டரியும் குரங்கு ஒரு பேட்டரியும் தூக்கி வந்தன. நல்ல மனசுதான், ஆனால் இரண்டுக்கும் வீம்பு அதிகம்.

இரண்டு பேட்டரிகளையும் அக்கம்பக்கமாக வைத்து, பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்தன. மோட்டார் சோம்பலாகச் சுற்றியது. தண்ணீர் மேலே ஏறவில்லை.

மோட்டார் கொட்டகை எலி எட்டிப் பார்த்தது. அது கடிக்காத வயரே கிடையாது.

"அண்ணே! இந்த மோட்டாருக்கு இருபத்திநாலு வோல்ட் வேணும். உங்களது ஒவ்வொண்ணும் பன்னிரண்டு. இப்படிப் பக்கத்துல வச்சா ரொம்ப நேரம் ஓடும், ஆனா பன்னிரண்டுதான். ஒண்ணோட பிளஸை இன்னொண்ணோட மைனஸ்ல மாட்டி, ஒண்ணு பின்னால ஒண்ணா வையுங்க!"

"யாரு பேட்டரி பின்னால?" என்றது கரடி.

"நான் மாட்டேன்பா!" என்றது குரங்கு.

"இந்த உடம்பு உனக்குப் பின்னால நிக்குமா?" என்று உறுமியது கரடி.

"விட்டுக்குடுக்காதீங்க அண்ணே! மானப் பிரச்சினை!" என்று ஒரு கொக்கு இருவரையும் உசுப்பேற்றியது. அதன் கண் முழுக்க விரால் குஞ்சுகள்மேல்!

வெயில் ஏறியது. குட்டை இன்னும் சுருங்கியது. ஒரு குஞ்சு சேற்றில் மாட்டித் துடித்தது.

"அண்ணே, சண்டையை அப்புறம் போடுங்க! என் புள்ளை சாகுது!" என்று கதறியது விரால்.

கரடிக்கு வெட்கமாகப் போய்விட்டது. "டேய் குரங்கு, நானே பின்னால நிக்கிறேன்!"

"இல்லண்ணே, நான் நிக்கிறேன்!"

"அட, நான்தான்டா!"

"ஐயோ, இதுக்கும் சண்டையா!" என்று எலி தலையில் அடித்துக்கொண்டது. "வயரு மோட்டாரைச் சுத்தி மறுபடி பேட்டரிக்கே வருது. வட்டத்துல ஏதுண்ணே பின்னால?"

சொல்லிக்கொண்டே வயரை மாற்றி மாட்டியது. மோட்டார் சீறியது. குபுகுபுவெனத் தண்ணீர் கொட்டியது! கொக்கு ஏமாந்து பறந்துபோனது.

துடித்த குஞ்சு நீந்திப்போய் அம்மாவோடு ஒட்டிக்கொண்டது. அதைப் பார்த்த கரடிக்கும் குரங்குக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

சேர்ந்து செய்யும் காரியத்தில் யார் எங்கே நிற்பது என்பதை வேலைதான் முடிவு செய்ய வேண்டும், வீம்பு அல்ல.