ஓரத்துச் சிப்பாய்

பள்ளியில் செஸ் சொல்லித்தந்த மரியபுஷ்பத்தின் வேலைக்கே உலை வைக்க வந்தார் கம்ப்யூட்டர் கம்பெனி முதலாளி தணிகாசலம். "என் புரோகிராம் இருக்கும்போது இந்த டீச்சர் எதற்கு?" என்று தாளாளரிடம் மார்தட்டினார்.

மரியபுஷ்பம் புரோகிராமுக்கு ராஜாவையும் ஓரத்து வரிசையில் ஒரு சிப்பாயையும் கொடுத்தாள். அந்தச் சிப்பாய் ராணியாக வேண்டிய மூலையில் தன் ஒற்றை ராஜாவை வைத்தாள்.

"வெற்றி எனக்கே" என்றது திரை.

"ஜெயிச்சுக் காட்டட்டும் சார். நானே கிளம்பிடறேன்."

சிப்பாய் விறுவிறுவென்று முன்னேறியது. அவள் ராஜா மூலைக்கும் பக்கத்துக் கட்டத்துக்குமாக மாறி மாறி நகர்ந்ததே தவிர, அந்த இடத்தை விட்டு விலகவே இல்லை. கடைசியில் அதற்குச் செக்கும் இல்லை, நகர இடமும் இல்லை. ஆட்டம் டிரா!

தணிகாசலம் முகம் வெளுத்தது. "எங்கே தப்பு?"

"காயை எண்ணுது சார், அது நிற்கிற இடத்தைப் பார்க்கல. சனிக்கிழமை வாங்க, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோட உட்கார்ந்து கத்துக்கலாம்."

தாளாளர் விழுந்து விழுந்து சிரித்தார்.