கத்தரிச் செடிக்கும் தலைத்துண்டு

சித்திரையில் கிணற்றுத் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போனதும் பண்ணையார் நமச்சிவாயம் தோட்டக்காரி சடைச்சியைக் கூப்பிட்டார். "கத்தரிக்கு இனி வாரம் ஒருதரம்தான் தண்ணி. ஒரு செடி வாடினாலும் நீ வேலைக்கு வர வேண்டாம்."

சடைச்சி சாமியைக் கும்பிட்டுவிட்டு, பாத்தி முழுக்கச் சருகைப் பரப்பினாள்.

ஏழாம் நாள் உச்சிவெயிலில், தலையில் ஈரத்துண்டோடு பண்ணையார் வந்தார். ஒரு செடியும் வாடவில்லை. சும்மா போக மனசு வருமா?

"என்ன இது குப்பை? வாரிக் கொட்டு."

"சரிங்கய்யா. மொதல்ல உங்க துண்டை எடுத்துருங்க."

"மண்டை காஞ்சிருமே."

"மண்ணும் அப்படித்தானுங்க."

"அப்ப தண்டைச் சுத்தி மட்டும் ஏன் நாலு விரல் இடம் விட்டே?"

"ஒட்டி மூடினா தண்டு அழுகிரும். நீங்களும் மூக்கை மூடலையேங்கய்யா."

பண்ணையார் துண்டைச் சரிசெய்துகொண்டார். "நாளைக்கு வந்து வீட்டு ரோஜாவுக்கும் போட்டுரு. மூக்கை மறந்துடாதே" என்று நடையைக் கட்டினார்.