பதினான்கு மூட்டைத் துணி

கனகவல்லி அம்மாவிடம் பாடம் கேட்க வந்தவர்களில் பத்மலோசனிதான் வயதில் மூத்தவர். ஐம்பத்தாறு வயது. கடலூரில் பல் மருத்துவர். குருவுக்கு நாற்பதுதான். ஆனாலும் அவரை "அம்மா" என்றுதான் டாக்டர் அழைப்பார். குரு இவரை "டாக்டர்" என்பார்.

அந்த ஐப்பசியில் ஆறு கரையை உடைத்துக்கொண்டு குப்பத்துக்குள் புகுந்தது. வீடிழந்தவர்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். அவர்களுக்கு வரும் அரிசி, பாய், போர்வை எல்லாவற்றையும் குரு தன் ஆசிரமத்து வாசலில் வாங்கி அனுப்பிக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் நாள் டாக்டர் காரில் வந்தார். முன் இருக்கை, பின் இருக்கை, டிக்கி எங்கும் மூட்டைகள்.

"பதினாலு மூட்டைம்மா. ரெண்டு பீரோவும் காலி. மனசு எவ்வளவு லேசா இருக்கு தெரியுமா!"

குரு ஒரு மூட்டையைப் பிரித்துப் பார்த்தார். திரும்பக் கட்டினார். பள்ளிக்கூடத்துக்குப் போகும் டெம்போவில் ஏற்றிவிட்டார்.

மறுநாள் காலை டாக்டர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"அம்மா, நீங்களே வந்து பாருங்க. பள்ளிக்கூடத்து ரோடு பூரா என் துணிதான். சேத்துல கிடக்கு. என் ஊதா குர்தி மேல ஆடு படுத்திருக்கு!"

"யார் போட்டாங்க?"

"அந்த ஜனங்கதான். உடுத்த மாத்துத் துணி இல்லைன்னு டிவியில அழுதாங்க. கொண்டுபோய்க் கொடுத்தா வீசி எறியறாங்க. நன்றி கெட்டவங்க. இவங்களுக்கா நாம செய்யணும்?"

குரு எழுந்தார்.

"வாங்க. போய்க் கேப்போம்."

பள்ளிக்கூட வாசலில் கேட்டதுமே ஒரு பெண் முன்னால் வந்தாள். அஞ்சாலாட்சி என்று பெயர். மீன் விற்பவள். வெள்ளம் வந்த அன்று கட்டியிருந்த புடவையையே இன்னும் கட்டியிருந்தாள். புடவைக் கரை முழுக்கச் சேறு காய்ந்திருந்தது.

"நான்தான் போட்டேன். இன்னா இப்ப?"

டாக்டர் சாலையைக் காட்டினார். "வேணாம்னா மடிச்சு ஓரமா வைக்கறதுதானே? ரோட்டுலயா போடுவாங்க?"

"நீங்க மடிச்சா குடுத்தீங்க?"

அஞ்சாலாட்சி உள்ளே போய் மிச்சமிருந்த மூட்டையை இழுத்துவந்து கொட்டினாள். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள்.

"இதுக்கு ஜிப்பு இல்ல. இது அக்குள்ல கிழிஞ்சிருக்கு. இது தொட்டாலே பிரியுது. இதோ, இதுல கடைச்சீட்டே இன்னும் எடுக்கல. தோளும் இல்ல, முதுகும் இல்ல. எம்பொண்ணு இதப் போட்டுக்கிட்டு, நூறு ஆம்பளைங்க படுத்திருக்கற எடத்துல எப்படிம்மா நடப்பா?"

"ஆபத்துக்கு ஏதோ ஒண்ணைப் போட்டுக்கக் கூடாதா?"

"தண்ணி வந்து வூட்டைத்தான் இழுத்துக்கினு போச்சு. எங்க வெக்கத்தையும் சேத்து இழுத்துக்கினு போயிடல."

அவள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்தது. கையில் தட்டோடு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். டாக்டர் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

குரு சாலையில் இறங்கினார். சேற்றில் கிடந்த ஒரு மேல்சட்டையை எடுத்து உதறினார். கறுப்பு வலைத்துணி. மார்பில் பாசிமணி வேலை. ஒரு கை பாதி கிழிந்து தொங்கியது. வெள்ளைப் புடவைக்கு மேலேயே அதை மாட்டிக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு பெரியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

டாக்டர் ஓடிவந்தார். "அம்மா! என்ன இது? கழட்டுங்க."

"ஏன்?"

"எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். நல்ல சட்டைதானே? நீங்க கொடுத்ததுதானே?"

"உங்களுக்குப் போய் இதெல்லாம்... இது உங்களுக்கானது இல்லம்மா."

"யாருக்கானது?"

டாக்டர் சட்டையின் கிழிந்த கையைப் பிடித்து மறைக்கப் பார்த்தார்.

வரிசை நகர்ந்தது. குரு அந்தச் சட்டையோடே தட்டில் சோறு வாங்கி, தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். கை கழுவிய பிறகுதான் கழற்றினார்.

இருவரும் ஆசிரமத்துக்குத் திரும்பினார்கள். வாசலில் வந்து நின்றதும் டாக்டர் வெடித்தார்.

"அத்தனை பேர் முன்னாடி என்னை அவமானப்படுத்திட்டீங்க."

"ஆமா."

"எட்டு வருஷமா உங்ககிட்ட வர்றேன்."

"அதனாலதான். எனக்கும் கோபம், டாக்டர். உங்க மேல பாதி, என் மேல பாதி. நேத்து மூட்டையைப் பிரிச்சுப் பார்த்தவ நான். அப்பவே திருப்பிக் கொடுத்திருக்கணும். உங்க மனசு நோகுமேன்னு நெனச்சு அவங்க மனசை நோகவிட்டேன்."

டாக்டர் அழுதார். குரு சமாதானப்படுத்தவில்லை.

மாலையில் டாக்டர் தனியாகப் பள்ளிக்கூடத்துச் சாலைக்குப் போனார். குனிந்து குனிந்து எல்லாவற்றையும் பொறுக்கினார். ஆட்டை எழுப்பி ஊதா குர்தியையும் எடுத்துக்கொண்டார். அஞ்சாலாட்சி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் அவளருகே போனார். "உங்களுக்கு என்ன வேணும்?"

"இதை மொதல்லயே கேட்டிருக்கலாம்" என்றாள் அவள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "உள்பாவாடை. நைட்டி. பொண்ணுங்களுக்கு உள்ளாடை. அதை ஒருத்தரும் கொண்டாரல."

மறுநாளே எல்லாம் புதிதாக வந்து சேர்ந்தன. டாக்டர் தானே ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார்.

திருப்பி எடுத்துவந்த மூட்டைகளை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. குருவிடம் கேட்டார்.

"வேற யார் தலையிலயும் கட்டாதீங்க. நீங்க வாங்கினது. நீங்களே பாருங்க."

டாக்டர் வீட்டில் எல்லாவற்றையும் துவைத்துக் காயவைத்துக் கூடத்தில் பரப்பினார். பாதித் துணிகளை எப்போது வாங்கினார் என்பதே நினைவில் இல்லை. சிலவற்றை ஒரே ஒரு தடவை, ஒரு போட்டோவுக்காகப் போட்டிருந்தார். நல்லதாகத் தெரிந்தவற்றைச் சரிசெய்யத் தையற்கடைக்கு எடுத்துப்போனார். தையல்காரர் ஒரு குர்தியை உள்பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"இதை ஒண்ணும் பண்ண முடியாது மேடம். உள்ள தையலுக்குத் துணியே விடல. ஊசி போட எடம் வேணுமில்ல?"

அன்று டாக்டர் கொதித்துப்போய் ஆசிரமத்துக்கு வந்தார்.

"ரெண்டு தடவை துவைச்சதும் கிழியணும்னே தைச்சிருக்காங்கம்மா. உள்ள அரை இஞ்சு துணி விட மனசில்லாதவங்க, தினமும் போன்ல 'உங்களுக்காகவே'ன்னு அனுப்பறாங்க. வாராவாரம் புதுசு. நானும் ராத்திரி படுத்துக்கிட்டே வாங்கியிருக்கேன். நெனச்சா பத்திக்கிட்டு வருது."

"யார் மேல?"

"அவங்க மேல. என் மேலயும்."

"நல்லது. இந்தக் கோபத்தை மட்டும் யாருக்கும் தானம் பண்ணிடாதீங்க."

டாக்டர் அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டார். போனில் இருந்த துணிக்கடைச் செயலிகளை எல்லாம் எடுத்துவிட்டார். ஒரு வருடம் எதுவும் வாங்குவதில்லை என்று முடிவுசெய்தார். தைக்க முடிந்ததைத் தைத்து உடுத்தினார். பிய்ந்துபோனவை கிளினிக்கில் மேஜை துடைக்கவும் தலையணைக்குள் அடைக்கவும் போயின. கூடத்தில் இருந்த குவியல் கரைய ஏழு மாதம் ஆனது. கடைசியில் பீரோவில் ஒன்பது புடவைகளும் நான்கு சுடிதார்களும் மிஞ்சின.

அண்ணன் மகள் கல்யாணத்தில் சொந்தக்காரப் பெண் ஒருத்தி அவர் முந்தானையைப் பிடித்துப் பார்த்தாள்.

"அத்தை, போன கல்யாணத்துக்கும் இதைத்தானே கட்டினீங்க?"

"ஆமா. அதே புடவைதான். அதே அத்தைதான்."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டாள். ஆனால் டாக்டருக்கு அன்று முழுவதும் கோபம் ஆறவில்லை. மண்டபத்து அறையில் கட்டில்மேல் சொந்தக்காரர்கள் பிரிக்காமலே போட்டிருந்த புதுத்துணிப் பைகளைப் பார்த்துப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

வருடம் முடிந்தது. ஒருநாள் குருவுக்குப் போன் வந்தது. டாக்டர் கைத்தறிக் கடையிலிருந்து பேசினார். குரல் திருட்டுத்தனமாக இருந்தது.

"அம்மா, ஒரு பருத்திப் புடவை கையில வச்சிருக்கேன். அரை மணி நேரமா நிக்கறேன். என்னோடது ரெண்டு நைஞ்சு போச்சு, உண்மையிலேயே வேணும். ஆனா பயமா இருக்கு. பழையபடி ஆயிடுவேனோன்னு. எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாதுன்னு எப்படிம்மா கண்டுபிடிக்கறது?"

"அதை அஞ்சாலாட்சி கையில, அவங்க முகத்தைப் பார்த்துக் கொடுக்க முடியுமா?"

போனில் புடவையை விரிக்கும் சரசரப்பு கேட்டது.

"கொடுக்கலாம்மா. தைரியமா கொடுக்கலாம்." பிறகு தயங்கினார். "ஆனா... கொடுக்க மனசு வராது போலிருக்கே."

"அப்போ வாங்குங்க" என்றார் குரு.