கஞ்சியில் ஓடும் படகு

சுரபுன்னைக் காட்டு உப்பங்கழியில் துடுப்புப் படகு ஓட்டுகிறவர் கலியபெருமாள். ஒருநாள் சுற்றுலா அதிகாரி தாமோதரன் அவர் படகில் ஏறி உட்கார்ந்து டேப்லெட்டைத் திறந்தார்.

“இது புகைக் கணக்குச் செயலி. ஒரு கட்டத்தையும் காலியா விடக்கூடாது. யாருக்குச் சிவப்பு விழுதோ அவங்க படகை விட்டு இறங்கிட வேண்டியதுதான்!”

முதல் கட்டம், எரிபொருள் எத்தனை லிட்டர். பூஜ்யத்தைச் செயலி ஏற்கவில்லை.

“துடுப்புக்கு ஏதுங்க டீசல்?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. நிரப்பு!”

“அப்ப ரெண்டு லிட்டர் போடுங்க. கேப்பங்கஞ்சி.”

“புகை?”

“ஒரு ஏப்பம்.”

கரையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அதிகாரி கடுகடுவென்று தட்டிக்கொண்டே போனார். கடைசிக் கட்டம், பயணி வந்த வாகனம். அதை மட்டும் நைசாகத் தாண்டப் பார்த்தார்.

“காலியா விடக்கூடாதுன்னீங்களே! சென்னையிலேருந்து அந்தப் பெரிய டீசல் வண்டியிலதானே வந்தீங்க? டிரைவர் இன்னும் ஏசி போட்டுத் தூங்குறாரு. அதையும் சேருங்க.”

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போட்டார். திரை சிவந்தது.

“பாத்தியா, சிவப்பு!” என்று துள்ளினார் அதிகாரி.

“எதுக்குன்னு படிங்க, ஐயா.”

அதிகாரியின் குரல் இறங்கிவிட்டது. “படகு, பச்சை. பயணி... சிவப்பு.”

கலியபெருமாள் படகைப் பதமாகக் கரையோரம் அணைத்தார்.

“பார்த்து இறங்குங்க ஐயா, வழுக்கும்.”