போயிட்டு வாரோம்

ஒரு குருவுக்கு ஒரே ஒரு சீடன் இருந்தான். அவன் அவருடைய கணவனும்கூட.

குருவின் பெயர் செண்பகவல்லி. சீடனின் பெயர் ஆவுடையப்பன். இருவருக்கும் கோவில்பட்டி. சீடனுக்கு வயது அறுபது தாண்டிவிட்டது. தெருவிலும் பென்ஷன் ஆபீஸிலும் எல்லோரும் அவனை 'அவர்' என்றுதான் சொல்வார்கள். ஆனால் இந்த மாதிரிக் கதைகளில் சீடனுக்கு மரியாதை விகுதி போடுகிற வழக்கம் இல்லை. குருவுக்குப் போடாமலும் இருக்க முடியாது. ஒரு நாளைக்குத்தானே, ஆவுடையப்பன் பொறுத்துக்கொள்வான்.

ஒரு நாள் என்றால் உண்மையிலேயே ஒரு நாள்தான். அன்று காலையில்தான் குரு நியமனமே நடந்தது. இடம், மிசிசிப்பி ஆற்றங்கரையில் வில்லோ பெண்ட் என்ற சின்ன அமெரிக்க ஊர். அங்கே ஒரு விடுதியின் சாப்பாட்டு மேசை. கோடை முழுக்க மகள் வீட்டில் இருந்துவிட்டு இருவரும் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வழியில் ஒரு நாள் ஆற அமரச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று மகள் மதிதான் அந்த ஊரில் அறை எடுத்துக் கொடுத்திருந்தாள். சாயங்காலம் சிகாகோவுக்கு ரயில். மறுநாள் விமானம்.

ஆவுடையப்பன் தட்டிலிருந்த ரொட்டியைத் தொடவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மதி இன்னும் பேசல" என்றான்.

"எப்படிப் பேசுவா? நேத்து வாசல்ல வச்சு நீங்க சொன்ன சொல் அப்படி" என்றார் செண்பகவல்லி.

முந்தின நாள் மகள் வீட்டு வாசலில் காரில் ஏறும்போது அவன் "போறோம்மா" என்று சொல்லிவிட்டான். புறப்படுகிறவர்கள் நம் பக்கத்தில் அப்படிச் சொல்வதில்லை. போயிட்டு வாரோம் என்பார்கள். துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போதுதான் வாரேன் என்று சொல்லாமல் வருவது. மகளின் முகம் சுருங்கிப்போய்விட்டது. கையைக்கூட ஆட்டாமல் உள்ளே போய்விட்டாள்.

"நான் பொய் சொல்லலயே. இந்த முழங்காலை வச்சுக்கிட்டு இன்னொரு தடவை அவ்வளவு தூரம் பிளேன்ல உக்கார முடியாது. வரமுடியாதுன்னு தெரிஞ்சுக்கிட்டே வாரோம்னு எப்படிச் சொல்ல?"

ஆவுடையப்பன் தராசுக்கு முத்திரை போடும் ஆய்வாளராக இருந்தவன். வேலையில் இருந்த காலமெல்லாம் கடை கடையாக ஏறிப் படிக்கல்லைச் சோதித்தான். பேச்சையும் அப்படி நிறுத்துத்தான் கொடுப்பான். ஓய்வு பெற்றபின் ஒரு நல்ல குரு வேண்டுமென்று ஆசிரமம் ஆசிரமமாகப் போனான். ஒவ்வொரு குருவிடமும் ஏதோ ஓர் எடைக்குறைவைக் கண்டுபிடித்துவிட்டுத் திரும்பி வந்தான்.

"இப்ப அவகிட்ட என்ன சொல்லட்டும்? பொய்யும் சொல்லமாட்டேன். பிள்ளை மனசை இப்படி விட்டுட்டு ஊருக்குப் போகவும் முடியல. நல்ல குருவா ஒருத்தர் இருந்தா கேக்கலாம்."

"இன்னைக்கு ஒரு நாள் நான் இருந்துட்டுப் போறேன்" என்றார் செண்பகவல்லி.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி குருவே, சொல்லு."

"முதல்ல அந்தப் போனை என் கைப்பையில போடுங்க. இட்லி இல்லைன்னு மூஞ்சியைத் தூக்காம ரொட்டியைத் தின்னுங்க. ஊர் சுத்தப் போறோம்."

ஊர் சின்னது. ஒரே ஒரு கடைத்தெரு. செங்கல் கட்டடங்கள், ஜன்னலுக்கு ஜன்னல் பூத்தொட்டி. எதிரே வந்தவர்கள் எல்லாம் முன்பின் தெரியாத இவர்களைப் பார்த்துக் காலை வணக்கம் சொன்னார்கள். குரு ஒவ்வொருவருக்கும் நின்று பதில் வணக்கம் சொன்னார். அதனால் கடைத்தெருவைக் கடக்கவே வெகுநேரம் ஆனது.

பழைய சாமான் கடை ஒன்றில் ஒரு தராசு இருந்தது. சீடனின் கை சும்மா இருக்குமா? குனிந்து முள்ளைப் பார்த்தான்.

"இடது பக்கம் இழுக்கு" என்றான்.

"அது விக்கிறதுக்குத்தான் இருக்கு, நிறுக்கிறதுக்கு இல்ல. வாங்க" என்று குரு அவனை வெளியே இழுத்தார். கிளம்பும்போது கடைக்காரரைப் பார்த்துக் கையைக் கூப்பி, "வீ வில் கோ அண்ட் கம்" என்றார்.

கடைக்காரர் குழம்பினார். பிறகு அவரும் கையைக் கூப்பினார்.

நூலகத்திலும் குரு அதையே சொன்னார். தொப்பிக் கடையிலும் சொன்னார். தொப்பிக் கடையில் இருவரும் ஆளுக்கு நாலு தொப்பி போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்கவில்லை. அங்கேயும் அதே "கோ அண்ட் கம்". ஒவ்வொரு முறையும் சீடனுக்குக் காலில் முள் தைத்த மாதிரி இருந்தது.

அடுத்து ஒரு பலகாரக் கடை. முதலாளி அம்மாளின் பெயர் நோரீன். ஆப்பிள் பை இருக்கிறது என்றாள்.

"பையில போட்டுத் தருவாளா?" என்று குரு கேட்டார்.

"பலகாரத்துக்குப் பேரே பைதான்."

ஒன்றை வாங்கி இரண்டு முள்கரண்டியால் தின்றார்கள். குரு கண்ணை மூடிக்கொண்டு தின்றார். அதைப் பார்த்து நோரீனுக்கு வாயெல்லாம் பல்.

"செர்ரி பை இதைவிட நல்லா இருக்கும். மத்தியானத்துக்கு மேலதான் அடுப்பிலிருந்து வரும்" என்றாள்.

"வீ வில் கோ அண்ட் கம்" என்றார் குரு.

தெருவில் இறங்கியதும் சீடன் பிடித்துக்கொண்டான். "அந்தம்மா நம்பிட்டா. நாம எங்கே திரும்பி வரப்போறோம்? எதுக்கு இந்தப் பொய்?"

குரு ஆற்றுப் பக்கம் நடந்தார். ஆற்றோரப் பூங்காவில் ஓர் ஊஞ்சல் இருந்தது. அதில் போய் உட்கார்ந்து சேலையை ஒதுக்கிக்கொண்டார்.

"தள்ளுங்க."

தள்ளினான்.

"பயப்படாம தள்ளுங்க."

குரு போனார், வந்தார். மறுபடி போனார், வந்தார். காலை நீட்டி ஆற்றைப் பார்த்துச் சின்னப் பிள்ளையாகச் சிரித்தார். கேள்விக்குப் பதில் வரவில்லையே என்று சீடன் நினைத்தான். ஆனாலும் தள்ளுவதை நிறுத்தவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவன் அவருக்காக ஊஞ்சல் ஆட்டியதில்லை. அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. மகளின் முகம் நினைவுக்கு வந்ததும், இப்படிச் சந்தோஷப்படலாமா என்று இருந்தது.

பிறகு பெஞ்சில் உட்கார்ந்து சரக்குப் படகுகள் போவதைப் பார்த்தார்கள். குரு அவன் தோளில் சாய்ந்து குறட்டை விட்டார். சீடன் தோளை அசைக்காமல் இருந்தான்.

வெயில் தாழ்ந்ததும் விடுதியிலிருந்து பெட்டியை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார்கள். அந்தப் பலகாரக் கடையைத் தாண்டித்தான் போகவேண்டும். கடைக் கதவில் 'மூடப்பட்டது' என்ற அட்டை தொங்கியது. நாற்காலிகளை எல்லாம் மேசைமேல் கவிழ்த்தாகிவிட்டது. ஒரே ஒரு மேசையில் மட்டும் புது விரிப்பு, இரண்டு தட்டு. நோரீன் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சீடன் பெட்டியோடு சுவரோரம் ஒதுங்கினான்.

"நமக்காகத்தான் உக்காந்திருக்கா. இந்தப் பக்கமாவே நைசாப் போயிருவமா?"

திரும்பிப் பார்த்தால் குரு பாதித் தெருவைக் கடந்திருந்தார்.

நோரீன் கதவைத் திறந்தாள். "வந்துட்டீங்களா" என்றாள்.

"கொஞ்சம் நேரமாயிட்டு" என்று குரு தமிழிலேயே சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

சீடன் உட்காரவில்லை. குறையோடு ஒரு பொருளைக் கைமாற்றி அவனுக்குப் பழக்கமில்லை. தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் உண்மையைச் சொன்னான். "அம்மா, மன்னிக்கணும். எங்க ஊர்ல கிளம்பும்போது எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம். வருவோம்னு அர்த்தம் இல்ல. வெறும் வார்த்தை. உங்களைக் காக்க வச்சிட்டோம்."

நோரீன் செர்ரி பையை எடுத்து வந்து மேசைமேல் வைத்தாள். "அப்படியா? நான் மத்தியானமே என் தங்கச்சிக்குப் போன் பண்ணிட்டேன். இந்தியாவிலிருந்து எனக்கு விருந்தாளி வர்றாங்க, வீட்டுக்கு வர லேட்டாகும்னு. நல்ல விரிப்பா ஒண்ணு தேடி எடுத்துப் போட்டேன். ரொம்ப நாளுக்கப்புறம் இந்தக் கடையில பாட்டுப் பாடிக்கிட்டே வேலை செஞ்சேன்." அவள் பையை வெட்டித் தட்டில் வைத்தாள். "அது சரி, வெறும் வார்த்தைன்னா நீங்க ஏன் வந்தீங்க?"

சீடன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

செர்ரி பை சூடாக இருந்தது. நோரீன் தானும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு அவர்களோடு உட்கார்ந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, குருவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. ஆனாலும் இருவரும் மூட்டு வலியைப் பற்றி விரிவாகப் பேசிக்கொண்டார்கள். புறப்படும்போது நோரீன் வாசல்வரை வந்தாள். குரு ஒன்றும் சொல்லாமல் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சீடன்தான் சொல்லவேண்டியிருந்தது. "வீ வில்" என்று ஆரம்பித்து நின்றான். பிறகு முழுசாகச் சொன்னான்.

"தெரியும்" என்றாள் நோரீன்.

ஸ்டேஷனில் இவர்களைத் தவிர ஒருவரும் இல்லை. குரு கைப்பையைத் திறந்து போனை எடுத்து நீட்டினார். சீடன் மகளைக் கூப்பிட்டான். நாலைந்து முறை மணி அடித்தது.

"சொல்லுங்கப்பா." குரலில் இன்னும் வருத்தம் இருந்தது.

"மதி, நேத்து வாசல்ல நான் சரியாச் சொல்லாம வந்துட்டேன்மா."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டான்.

"போயிட்டு வாரோம்மா" என்றான்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற ஓசை கேட்டது. அப்புறம் மகள் கேட்டாள். "எப்பப்பா வருவீங்க?"

சீடன் காலையிலிருந்து எந்தக் கேள்விக்குப் பயந்தானோ அதே கேள்வி. போனைக் கையால் பொத்திக்கொண்டு குருவிடம் திரும்பினான்.

"எப்ப வருவீங்கன்னு கேக்கா. என்ன சொல்ல?"

தூரத்தில் ரயில் ஊதியது. குரு எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"கேக்கட்டும்" என்றார். "அந்தம்மா விரிப்பு போட்டு வச்ச மாதிரி இவளும் கேட்டுக்கிட்டே இருக்கட்டும்."