உப்பு மூட்டையும் சுமைதாங்கியும்

நாடெல்லாம் மழை வேண்டிக் கும்பிட, ஓர் ஊர் மட்டும் மழை வேண்டாம் என்று கும்பிட்ட காலம் ஒன்று இருந்தது. அது உப்பளத்து ஊர். வெயில் காய்ந்தால்தான் அங்கே உலை கொதிக்கும். மழை பெய்தால் விளைந்த உப்பு கரைந்து, வந்த வழியே கடலுக்குப் போய்விடும்.

ஒரு வருஷம் சாமி நாட்டின் பேச்சைக் கேட்டது. கோடையிலும் மழை விடவில்லை. உப்பளத்தில் வேலை நின்றது. இளவட்டங்கள் பாத்தி வரப்புகளில் வெறுமனே உட்கார்ந்திருந்தார்கள்.

ஊர் கூடிப் பேசி, பொதுக் களஞ்சியத்தைத் திறந்தது. நல்ல காலத்தில் வீட்டுக்கு வீடு நெல் போட்டு வைத்த களஞ்சியம் அது. வேலை போன பிள்ளைகளுக்கும், உடம்புக்கு முடியாத பிள்ளைகளுக்கும், மறுபடி உப்பு விளையும்வரை வாரா வாரம் நெல் அளந்தார்கள்.

வாங்கியவர்களில் ஒருத்தி இசக்கியம்மை. சின்ன வயதுதான். உப்பின் வெள்ளையைப் பார்த்துப் பார்த்தே அவள் கண் அவிந்து போயிருந்தது. கண் போன பிறகுதான் ஊர்க்காரர்கள் அவளிடம் வழி கேட்க ஆரம்பித்தார்கள். குரு என்று சொன்னால் சிரிப்பாள். அதனால் எல்லாரும் அக்கா என்றே கூப்பிட்டார்கள்.

அவளிடம் சீடனாக இருந்தவன் பூவலிங்கம். உப்பு மூட்டை சுமந்தவன். இப்போது அவனும் களஞ்சியத்து நெல்லில்தான் சாப்பிட்டான்.

ஒரு நாள் காலையில் அவன் வந்து நின்றான்.

"அக்கா, நாளைக்கு நான் கங்காணியோடு மலைக்குப் போகிறேன்."

மலையில் கல் உடைக்க ஆள் பிடிக்கிறவன் அந்தக் கங்காணி. அவனிடம் கைநாட்டு வைத்துப் போனவர்கள் ஊர் திரும்பியதை யாரும் பார்த்ததில்லை.

"ஏன்ல?"

"களஞ்சியத்து நெல் தொண்டையில் இறங்க மாட்டேங்குது. நேற்று வரிசையில் நிற்கிறேன், மாமா ஒருத்தர் கேட்கிறார்: 'என்ன மாப்பிள்ளை, பை சின்னதா இருக்கே, வீட்டில் பெரிய பை இல்லையா?' அத்தனை பேரும் சிரித்தார்கள்."

"என் பையும் சின்னதுதான்."

"விளையாடாதீங்க அக்கா. நீங்க வாங்குவது வேறு. உங்களுக்குக் கண் இல்லை. எனக்குக் கை கால் இருக்கிறது."

"கை கால் இருக்கிறது. உப்பு இருக்கிறதா?"

பூவலிங்கம் கால் விரலால் தரையைக் கீறிக்கொண்டு நின்றான்.

"சரி, போகிறவன் போ" என்றாள் இசக்கியம்மை. "போகும் முன்னே ஒரு வேலை செய். மழைக்கு முன்னால் அள்ளிய உப்பு ஒரு மூட்டை கிடக்கிறது. பக்கத்து ஊர்க் கோயில் மடைப்பள்ளிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நானும் வருகிறேன்."

ஆளுக்கு ஒரு முனை பிடித்துத் தூக்கி, மூட்டையை அவன் தலையில் ஏற்றினார்கள். அவன் துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தாள்.

உடைமர முட்காட்டுக்குள் பாதை நுழையும் இடத்தில் ஒரு சுமைதாங்கி இருந்தது. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருந்தார்கள். ஆள் கழுத்து உயரம். தலைச்சுமையை அப்படியே அதன்மேல் நகர்த்தி வைக்கலாம். இளைப்பாறிய பிறகு தலையைக் கொடுத்தால் சுமை ஏறிவிடும். இறக்கவும் ஏற்றவும் இன்னொரு ஆள் வேண்டியதில்லை.

"சுமைதாங்கி வந்திருக்குமே. கொஞ்சம் இறக்கேன்."

"அது கிழடுகள் இறக்குகிற கல், அக்கா."

அவன் நிற்காமல் தாண்டிப் போனான்.

அன்றைக்கு மழை விட்டிருந்தது; வெயில் ஏறியது. ஈர மணல் காலை இழுத்தது. கழுத்து நரம்பு தெறித்தது. கொஞ்ச தூரத்தில் முழங்கால் மடங்க, மூட்டையைத் தொப்பென்று மணலில் போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தான்.

மூச்சு வந்ததும் எழுந்து தூக்கிப் பார்த்தான். முழங்கால்வரை வந்தது. நெஞ்சுவரை வந்தது. அதற்கு மேல் ஏறவில்லை. மறுபடி தூக்கினான். மறுபடி விழுந்தது.

இசக்கியம்மை உடைமர நிழலில் உட்கார்ந்து புடவை முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். அவன் அவளைக் கை கொடுக்கக் கேட்கவில்லை.

மாட்டு வண்டிச் சத்தம் கேட்டது. வண்டியில் இருந்தவன் கங்காணி.

"அடடே, பூவலிங்கமா! என்னலே, நீ மூட்டையைச் சுமக்கிறியா, மூட்டை உன்னைச் சுமக்குதா?"

"ஒரு கை கொடுங்க அண்ணாச்சி. தலையில் ஏற்றிவிட்டால் போதும்."

"ஒரு கை என்ன, ரெண்டு கையும் தாரேன். மைப் பெட்டி வண்டியில்தான் இருக்கு. முதலில் கைநாட்டை வை. நாளைக்கு வைக்கிறதை இன்னைக்கு வைத்தால் என்ன?"

"மூட்டையைத் தூக்கிவிடத்தானே கேட்டேன்."

"சும்மா தாங்குவதற்கு நான் என்ன சுமைதாங்கியா, லே?"

பூவலிங்கம் மைப் பெட்டியைப் பார்த்தான். பிறகு வந்த பாதையைத் திரும்பிப் பார்த்தான். உடைமரங்களுக்கு நடுவே அந்தக் கல் சின்னதாகத் தெரிந்தது.

"நீங்க போங்க அண்ணாச்சி."

"நாளைக்கு வண்டி உனக்காக நிற்காது."

"நிற்க வேண்டாம்."

வண்டி போய்விட்டது. சக்கரச் சத்தம் அடங்கியது. அவன் நிழல் பக்கம் திரும்பினான்.

"அக்கா, நீங்க ஒரு கை கொடுங்களேன்."

சொல்லி வாய் மூடும் முன்னே அவள் எழுந்து வந்தாள். மூட்டை தலைக்கு ஏறியது.

"இவ்வளவு நேரம் ஏன் சும்மா இருந்தீங்க?"

"நீ கேட்கவே இல்லையே."

காடு முடியும் இடத்தில் இன்னொரு சுமைதாங்கி வந்தது. இந்த முறை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. தானே போய் ஒட்டி நின்று மூட்டையை நகர்த்தி வைத்தான். கழுத்தில் காற்று பட்டது. கல்லின் மேல்பக்கத்தைத் தடவிப் பார்த்தான். எத்தனையோ சுமை பட்டு வழவழவென்று இருந்தது.

"இதை வைத்தது யார், அக்கா?"

"பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி சுமையோடு இந்தப் பாதையில் விழுந்து செத்துப்போனாளாம். அவள் வீட்டுக்காரர்கள் அவள் பேரில் வைத்தது என்பார்கள்."

"அவள் பேர் என்ன?"

"கல்லில் வெட்டியிருக்கிறது. தேய்ந்து போச்சு. நானும் எத்தனையோ முறை தடவிப் பார்த்துவிட்டேன். விரலுக்கு அகப்படவில்லை."

பூவலிங்கம் இரண்டு கையாலும் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கை ஈரமாயிற்று. வேர்வையாகவும் இருக்கலாம்.

"நெல் அளக்கிற அன்றைக்கு வரிசையில் எனக்கு ஓர் இடம் பிடித்து வைப்பீங்களா?"

"வைக்கிறேன். பெரிய பையாகக் கொண்டு வா."

அவன் சிரித்துவிட்டான். மறுபடி கல்லின்மேல் கை வைத்தான்.

"பேர் தெரியாத ஒருத்திக்கு நான் எதைத் திருப்பிக் கொடுப்பேன், அக்கா?"

இசக்கியம்மை காதைச் சாய்த்துப் பாதையைக் கேட்டாள்.

"மூச்சு வந்துவிட்டதா?"

"வந்துவிட்டது."

"அப்போ தலையைக் கொடு. கல்லைக் காலி பண்ணு. பின்னாலே யாரோ சுமையோடு வருகிறார்கள்."

பூவலிங்கம் தலையைக் கொடுத்தான். மூட்டை ஏறியது. அவள் அவன் துண்டின் நுனியைப் பிடித்துக்கொள்ள, இருவரும் நடந்தார்கள்.

பனையோலைக் கட்டோடு ஒரு பெண் வந்தாள். கட்டைக் கல்மேல் நகர்த்தி வைத்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தலையைக் கொடுத்து, அவளும் போனாள்.